திருவிழா ஒலியும் தெருவின் உரிமையும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் ஒலியில்லாத விழாவை எவரும் கண்டதில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த மாசியிலிருந்து, மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு நீர் வரும் ஆனி வரை, ஊர்தோறும் கொடியேற்றமும் தேரும் காப்புக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கோவில் திருவிழாவுக்கு நாகசுரமும் தவிலும், நம் சப்பரப் பவனிக்குப் பேண்டு வாத்தியமும் வாணவெடியும், துக்க வீட்டுக்குப் பறையும் என்று வாழ்வின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் ஓசையை நம் முன்னோர் குறித்துவைத்தனர். ஓசை கேட்டால் ஊரில் என்ன நடக்கிறதென்று வயலில் நிற்பவனுக்கும் தெரிந்துவிடும்.

அந்த ஓசை இன்று காவல் நிலையத்தின் வாயிலில் போய் நிற்கிறது. அனுமதியின்றி நடுத்தெருவில் மேடை போட்டார்கள், நள்ளிரவு கடந்தும் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடந்தது, காதணி விழாவுக்கு விடியற்காலை நான்கு மணி முதல் மைக் செட்டு அலறியது என்பன போன்ற முறையீடுகள் சிற்றூர்களிலிருந்தும் எழுகின்றன. சென்னை போன்ற பெருநகரிலோ, டிசம்பர் 31ஆம் நாள் இரவில் கடற்கரைச் சாலையில் வண்டிகளைத் தடுத்து, மேம்பாலங்களை மூடி, ஆயிரக்கணக்கான காவலர்களை நிறுத்த வேண்டிய நிலை ஆண்டுதோறும் ஏற்படுகிறது.

இதை வெறும் ஒழுங்குப் பிரச்சினையாகக் கருதி நாம் கடந்து சென்றுவிடலாம். ஆனால் தெருவின் ஒலியை அடக்கும் அதிகாரம் அரசுக்கு எப்படி வந்தது, அது யாரைக் காத்தது, யாருடைய வாயைக் கட்டியது என்று வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், இது நம் மனச்சான்றையும் தொடுகிற செய்தி என்பது விளங்கும்.

எல்லைக் கல் நட்ட தெருக்கள்

சென்னைப் பட்டணம் தோன்றிப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த 1652இல், வலங்கை, இடங்கை என்னும் இருபெரும் சாதிப் பிரிவுகளுக்கிடையே தெருவில் பூசல் மூண்டது. எவருடைய ஊர்வலம் எந்தத் தெரு வழியே செல்லலாம் என்பதே சச்சரவின் கரு. கோட்டையிலிருந்த கும்பினி அதிகாரிகள் தலையிட்டு, இன்ன தெரு இன்னாருக்கு என்று வகுத்துக் கொடுத்தனர். இரு தரப்பும் அதை ஏற்றன. ஆனால் நெருப்பு அணையவில்லை. சாம்பலுக்கடியில் கனன்றுகொண்டே இருந்தது.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1707இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது அது மீண்டும் பற்றியெரிந்தது. இம்முறையும் காரணம் திருமண ஊர்வலமே. ஒரு பிரிவாரின் தெரு என்று கருதப்பட்ட வழியில் மற்றப் பிரிவாரின் ஊர்வலம் சென்றது. கடைகள் அடைக்கப்பட்டன, வணிகம் முடங்கியது, வலங்கையினர் பலர் பட்டணத்தை விட்டுச் சாந்தோமுக்குக் குடிபெயர்ந்தனர். இறுதியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையினருக்கு என்று பிட் பிரித்தார். தெருக்களில் எல்லைக் கற்கள் நடப்பட்டன.

தென்னாட்டில் ஆங்கிலேயர் உருவாக்கிய முதற்பெரு நகரத்தில் தெரு விழாவை அடக்கிய கதை இது. இங்கே ஒருவரும் தூக்கம் கெட்டதாக முறையிடவில்லை; செவி வலிக்கிறதென்று சொல்லவில்லை. மேளச் சத்தம் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தத் தெருவில் மேளக்காரருக்கும் அவரை அழைத்துச் சென்றவருக்கும் உரிமை உண்டு என்று பொருள். அந்த உரிமையைத்தான் எதிர்த்தரப்பு மறுத்தது. ஆட்சியாளரும் உரிமையின் நியாயத்தை ஆராயவில்லை. வணிகம் கெடாதிருந்தால் போதும் என்று மக்களைப் பிரித்து வைத்தனர். அமைதி கிடைத்தது, சமத்துவம் கிடைக்கவில்லை.

சட்டமும் ஊர்வலமும்

பின்னர் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவோரும் காவலரும் குடிமக்களைச் சித்திரவதை செய்தனர் என்பதை 1855இல் ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அதன் விளைவாக வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்து, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் இயற்றப்பட்டது. மக்களைக் கொடுமையிலிருந்து காக்கப் பிறந்த அச்சட்டமே, ஊர்வலங்களை நெறிப்படுத்தவும் விழாக்களின்போது தெருக்களில் இசையைக் கட்டுப்படுத்தவும் காவல் அதிகாரிக்கு அதிகாரம் அளித்தது. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் தன் 30ஆம் பிரிவில் இதே அதிகாரத்தைக் கூறியது. சென்னை நகருக்கு 1888இல் தனிக் காவல் சட்டமும், மற்ற நகரங்களுக்கு 1889இல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் வந்தன. பொதுத் தொல்லைக்கு 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் விதித்த தண்டம் 200 ரூபாய். 2024 ஜூலை முதல் நாள் புதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து அதை 1,000 ரூபாயாக உயர்த்தும் வரை, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொகை மாறவே இல்லை.

சாதிகளுக்கிடையே எழுந்த அதே வழக்கு மதங்களுக்கிடையேயும் எழுந்தது. சேலத்தில் இந்துக்களின் ஊர்வலப் பாதையில் மசூதி கட்டப்பட்டதை ஒட்டி 1882இல் பெருங்கலவரம் மூண்டது. மசூதி இடிக்கப்பட்டது. கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சி. விஜயராகவாச்சாரியார் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். தொழுகை இடத்தின் முன் மேளம் அடிக்கலாமா என்னும் கேள்வி மாகாணம் முழுவதையும் கலக்கியது.

அந்தக் கேள்விக்கு 1883இல் 'சுந்தரம் செட்டி எதிர் பேரரசி' என்னும் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு விடை கூறியது. தலைமை நீதிபதி சர் சார்லஸ் டர்னர் காலத்துத் தீர்ப்பு அது. நம் தஞ்சை மண்ணில் பிறந்து, திருவாரூரில் வறுமையோடு போராடிக் கற்று, அந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்த முத்துசாமி ஐயர் அங்கே பணியாற்றிய காலமும் அதுவே. எச்சமயத்தவர்க்கும் பொதுச் சாலையில் ஊர்வலம் செல்லும் உரிமை உண்டு. தம் வழிபாட்டிடம் அங்கே இருக்கிறதென்று சொல்லி ஒரு பிரிவினர் பிறருடைய உரிமையை என்றைக்குமாகப் பறிக்க இயலாது. ஆயினும் வழிபாட்டுக்குக் கூடியிருப்போரைக் கலைக்கும் வண்ணம் நடந்துகொள்ளலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அமைதியைக் காக்க வேண்டிய அதிகாரிகள், உரிமையுடையவனை முடக்குவதைவிட, உரிமையை மீற வருபவனைத் தடுப்பதே முறை என்றும் அது வலியுறுத்தியது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1924இல், ஷியா முஸ்லிம்களின் முஹர்ரம் ஊர்வலம் பற்றிய வழக்கில், சென்னையின் இந்நெறியையே ஏற்றது.

காலம் கடந்தாலும் இந்நெறி பழுதாகவில்லை. காவிரிக்கு வடக்கே, பெரம்பலூர் மாவட்டத்து வி. களத்தூரில் இந்துக் கோவில் ஊர்வலங்களுக்கு முஸ்லிம் மக்கள் தெரிவித்த எதிர்ப்பு குறித்து 2021இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பகுதியில் ஒரு சமயத்தார் மிகுதியாக வாழ்கின்றனர் என்பதற்காகப் பிற சமயத்தார் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்றது. அத்தகைய எதிர்ப்பை ஏற்றுக்கொண்டால், நாட்டின் பெரும்பாலான ஊர்களில் சிறுபான்மையோர் எந்த விழாவும் எடுக்க இயலாமற்போகும் என்னும் உண்மையையும் அது சுட்டிக்காட்டியது. சிறுபான்மையினராகிய நாம் இச்சொல்லை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. நம் தேர் பிறர் தெருவில் செல்வதற்குத் துணை நிற்கும் அதே நெறிதான், பிறர் தேர் நம் கோவில் வாசல் வழியே செல்வதற்கும் துணை நிற்கிறது.

எது இசை, எது இரைச்சல்?

ஒலியைத் தடை செய்தது அரசு மட்டுமன்று. சமயத் தலைவர்களும் தடை செய்ததுண்டு. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வரலாறு இதற்குச் சான்று. 1820களில் புதிதாக வந்த சீர்திருத்த சபைக் குருமார், வழிபாட்டில் தம் தமிழ்ப் பாடல்களைத் தடுக்கின்றனர், திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்குகின்றனர் என்று அவர் வெகுண்டு முறையிட்டார். சபையில் வேலையிழந்த அவரைத் தம் இளமைத் தோழரான மன்னர் சரபோஜி அரசவைப் புலவராக ஆதரித்தார். மேலைநாட்டுச் செவிக்கு நம் பண்ணும் தாளமும் இரைச்சலாகப் பட்ட காலம் அது.

இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழிசைக்காக வாதாடிய அதே சாஸ்திரியார், கோவிலில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தையும் காக்க வேண்டுமென்று வாதாடினார். குருமார் பாட்டை அடக்கியது தவறு. ஆனால் சாதிப் பிரிவை ஒழிக்க முயன்றது சரி. பாட்டைக் காத்தவர் சாதியையும் சேர்த்துக் காத்தார். மரபு என்னும் ஒரே மூட்டையில் பொன்னும் பதரும் கலந்தே கட்டப்பட்டிருக்கும் என்பதை நாம் இங்கே காண்கிறோம். பின்னர், நம் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், அந்தந்த மக்களின் இசைக்கு வழிபாட்டில் உரிய இடம் அளித்தது. தவிலும் நாகசுரமும் நம் பீடத்தருகே வந்தது அதன் பயன்.

பறையின் கதை இதைவிடத் துயரமானது. பறைதல் என்றால் சொல்லுதல். செய்தி சொல்லும் கருவிக்குப் பறை என்று பெயர் வைத்த சமுதாயம், அதை அடிப்பவனைச் சேரியில் ஒதுக்கியது. சாவு வீட்டில் அவன் அடித்தே ஆகவேண்டும். அவன் வீட்டுப் பிணமோ பொதுத்தெரு வழியே செல்லக்கூடாது. அரசாணையை ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா போட அவன் வேண்டும். அவன் வீட்டுக் கல்யாண மேளமோ ஊர்த்தெருவில் கேட்கக்கூடாது. ஒரே ஒலி, உழைப்பாக வரும்போது கட்டாயம். கொண்டாட்டமாக வரும்போது குற்றம். தண்டோரா போடும் வழக்கத்தை முற்றிலும் நிறுத்தும்படி தமிழ்நாட்டின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். இந்திய விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த வேளை அது.

எனவே 'சத்தம் போடாதே' என்று ஒருவர் சொல்லும்போது, சொல்பவர் யார், சொல்லப்படுபவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எரிகோ நகர வாயிலில் பார்த்திமேயு என்னும் பார்வையற்ற ஏழை உரக்கக் கூவியபோது, அமைதியாயிருக்கும்படி அவரை அதட்டியது இயேசுவைச் சூழ்ந்து வந்த கூட்டமே. ஆண்டவரோ நின்றார், அந்தக் குரலுக்காக ஊர்வலத்தையே நிறுத்தினார்.

மைக் செட்டு வந்த பின்

மனிதக் கைகள் அடிக்கும் மேளத்துக்கு இயல்பாகவே ஓர் அளவு உண்டு. கை சோரும், மூச்சு வாங்கும், இரவானால் மேளக்காரருக்கும் பசி எடுக்கும். மின்சாரம் இந்த அளவை நீக்கிவிட்டது. பனைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய் அண்டை ஊர்வரை பாடியது. இப்போது கூம்புக் குழாய்கள் தடை செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடத்தில் ஆளுயரப் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து நிற்கின்றன. சுவர் அதிர்கிறது, தொட்டிலில் கிடக்கும் குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறது. திருவிழாக்கள் மலிந்த மாசி, பங்குனி மாதங்கள்தாம் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் மாதங்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரவு விழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சி இந்நாளில் வழக்கமாகிவிட்டது. காவல் நிலையம் அனுமதி மறுக்கும். விழாக் குழுவினர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடுவர். 2004 ஜூலையில் தொடங்கிய அக்கிளையின் எல்லைக்குள் தஞ்சை மாவட்டமும் அடங்கும். ஆபாச நடனம் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும், சாதியையோ கட்சியையோ போற்றும் பாடலும் பதாகையும் கூடாது, மீறினால் காவல்துறை நிறுத்தலாம் என்ற நிபந்தனைகளோடு அனுமதி அளிக்கும் ஆணைகள் வழக்கமாக வருகின்றன.

சாதிப் பாடல் கூடாது என்று நீதிமன்றம் ஏன் குறித்துச் சொல்ல வேண்டும்? ஊர்வலம் ஒரு குறிப்பிட்ட தெருவை அடைந்ததும் பெட்டியின் ஒலி கூட்டப்படுவதையும், அங்கே குறிப்பிட்ட ஒரு பாட்டு ஒலிப்பதையும் நம் மாவட்டங்களில் வாழ்பவர் அறிவர். 1707இல் பட்டணத்தில் கல் நட்டுக் காட்டிய எல்லையை இன்று ஒலி நட்டுக் காட்டுகிறார்கள். வேறொரு வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்ப்பவனி எந்தத் தெரு வரை செல்லும், எந்தத் தெருவுக்குமுன் திரும்பும் என்ற வழக்கு நம் பங்குகளிலும் இருந்திருக்கிறது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. புனிதரின் சொரூபம் திரும்பிப் போகும்போது, வெடிச்சத்தம் மட்டும் அந்தத் தெரு மக்களின் வீட்டுக்குள் வருகிறது.

இத்தகைய இரவுகளில் காவலரின் நிலையும் எளிதன்று. ஓரிரு காவலர் ஆயிரம் பேர் நடுவே சென்று ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் 'எங்கள் சாமிக்குத் தடை' என்பர். நிறுத்தாவிட்டால் 'கைக்கூலி வாங்கிவிட்டார்' என்பர். ஒரு தெருவுக்கு ஒரு நீதி, மறு தெருவுக்கு வேறு நீதி என்று அவர் நடந்துகொண்டால் அதுவே கலவரத்துக்கு வித்தாகும். ஆகவேதான் சாதியும் சமயமும் பாராத ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

மாதவரம் நெடுஞ்சாலை வழக்கு

அந்த அளவுகோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. மத்திய அரசு வெளியிட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்றும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குப் பகலில் 50, இரவில் 40 என்றும் வரையறுத்தன. டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்கினுள் உள்ளிருப்போர்க்காக அன்றி, ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், சமய, பண்பாட்டு விழாக்களுக்கு நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தர மாநில அரசுக்கு இடமுண்டு.

அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், கிறிஸ்தவர்களாகிய நம்மை நேரடியாகத் தொடும் தீர்ப்பு ஒன்றை உச்ச நீதிமன்றம் வழங்கியது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் 'சர்ச் ஆஃப் காட்' என்னும் பெந்தெகொஸ்தே சபையின் செபக்கூடம் இருந்தது. டிரம் செட்டும் கிதாரும் ஒலிபெருக்கியுமாக அங்கே வழிபாடு நடந்தது. அருகில் இருந்த குடியிருப்போர் நலச் சங்கத்தினர் 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் காவல்துறையிடமும் முறையிட்டனர். ஆய்வு செய்த வாரியம், அங்கே ஒலி மிகுந்ததற்குச் சாலையில் ஓடும் வாகனங்களே காரணம் என்றது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. வாகன ஒலி, ஒலிபெருக்கி ஒலி இரண்டையும் குறைக்க நடவடிக்கை எடுக்கும்படி அது ஆணையிட்டது. சபையார் உச்ச நீதிமன்றம் சென்றனர்; சிறுபான்மையினரின் வழிபாட்டை ஒடுக்கும் உள்நோக்கத்தோடு தொடுக்கப்பட்ட வழக்கு இது என்று வாதிட்டனர்.

நீதியரசர்கள் எம்.பி. ஷா, எஸ்.என். புக்கன் ஆகியோர் அமர்வு அவ்வாதத்தை ஏற்கவில்லை. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் இறைவனை வேண்ட வேண்டுமென்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை. முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் மாணவரும் அமைதியாக இருக்கும் உரிமை உடையவர்கள். ஒலிபெருக்கியும் மேளமும் சமயக் கடமையின் பகுதி என்று கொண்டாலும் அது பிறர் உரிமையை மிதித்துச் செல்ல முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பைக் கேட்டு அன்று வருந்தியவர் உண்டு. சிறுபான்மைச் சமயத்தின் சிறிய செபக்கூடத்தைச் சுட்டும் விரல், பெரிய விழாக்களைச் சுட்டத் தயங்குகிறது என்னும் மனக்குறை முற்றிலும் ஆதாரமற்றதன்று. அளவுகோல் ஒன்றாக இருந்தும் அதைப் பிடிக்கும் கை ஒன்றாக இல்லாவிட்டால், 1707ஆம் ஆண்டின் எல்லைக் கல்லே வேறு உருவில் திரும்பும். ஆனால் சட்டம் சமமாகச் செயல்பட வேண்டுமென்று கேட்பது ஒன்று. சட்டமே நமக்கு வேண்டாமென்பது மற்றொன்று. முன்னதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பின்னதைக் கேட்க உரிமை இல்லை.

கேட்காமற்போன கூக்குரல்

ஒலி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18ஆம் நாள் விரிவானதொரு தீர்ப்பு வழங்கியது. பொதுவிடத்தின் எல்லையில் ஒலி 75 டெசிபலைத் தாண்டலாகாது. மீறும் கருவிகளைக் கைப்பற்ற வழி செய்ய வேண்டும். இரவுக் கட்டுப்பாட்டைக் கறாராகக் காக்க வேண்டும் என்பன அதன் கட்டளைகளுள் சில. அவ்வழக்கு எப்படித் தோன்றியது என்பதை நம்மில் பலர் அறியோம். 1998 ஜனவரித் தொடக்கத்தில் நாளிதழ்களில் வந்த செய்தி அதற்குத் தூண்டுதல். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கொடியவனால் சிதைக்கப்பட்டாள். அவள் உதவி கேட்டு அலறினாள். அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கிக்கொண்டிருந்ததால் அந்த அலறல் எவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து மாண்டாள்.

அந்தப் பாட்டைப் போட்டவர் குற்றவாளி அல்லர். அவர் வீட்டில் ஏதோ மகிழ்ச்சி இருந்திருக்கலாம். எவருக்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார். அதுவே நம்மை உலுக்க வேண்டும். நம் கொண்டாட்டம் தன்னளவில் குற்றமற்றதாக இருந்தும், அது அண்டை வீட்டின் அழுகுரலை மூடிவிடக்கூடும். எரிகோவில் கூட்டத்தின் அதட்டல் ஏழையின் குரலை அடக்க முயன்றது. இங்கே கூட்டத்தின் மகிழ்ச்சியே அதைச் செய்துவிட்டது.

கடல் கடந்த இரு சான்றுகள்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. லண்டனின் நாட்டிங்ஹில் பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1960களில் தெரு விழா ஒன்றைத் தொடங்கினர். காவல்துறை அவர்களை ஐயக்கண்ணோடு பார்த்தது. 1976இல் விழா கலவரமாக வெடித்து, நூற்றுக்கு மேற்பட்ட காவலர்கள் காயமுற்றனர். விழாவை ஒழிக்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. ஆனால் ஒழிக்கவில்லை. வழி வரையறுக்கப்பட்டது, விழாக் குழுவினரே தொண்டர்களை நிறுத்தினர், மாலை 7 மணிக்குப் பெட்டிகளை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. குற்றங்களும் விவாதமும் இன்னும் இருந்தாலும், ஐரோப்பாவின் பெரிய தெரு விழாக்களுள் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

அதே நாட்டில் 1992 மே மாதம் காசில்மார்ட்டன் என்னும் பொது மேய்ச்சல் நிலத்தில் பல்லாயிரம் இளைஞர் அனுமதியின்றிக் கூடி நாட்கணக்கில் ஆடிப் பாடினர். அதன் பின் 1994இல் இயற்றிய சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளங்களை உடைய இசை என்று வரையறை சொல்லி, அத்தகைய இரவுக் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. அந்த வரையறைப்படி பார்த்தால் நம் தவில்காரர் பலரும் ஐயத்துக்கு உரியவர் ஆகலாம்! ஒலியின் அளவையும் நேரத்தையும் விட்டு அதன் வகையைத் தடை செய்யத் தொடங்கினால் சட்டம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நம் கடமை

இவ்வரலாறு நம்முன் வைக்கும் பாடம் எளியது. அமைதியின் பெயரால் எளியவன் வாயை மூடுவதும் அநீதி. விழாவின் பெயரால் எளியவன் குரலை மூழ்கடிப்பதும் அநீதி. தெருவை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். ஒலியின் அளவை எல்லாருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் நீதி.

பங்கு அளவில் நாம் செய்யக்கூடியவை உண்டு. திருவிழாவுக்கு முறைப்படி எழுத்து மூலம் அனுமதி பெறுவோம். ஒலிபெருக்கியைக் கோவில் வளாகத்தின் அளவுக்குக் குறைப்போம். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியும் பாஸ்கா திருவிழிப்பும் உள்ளே இருப்போர்க்கு நன்கு கேட்டால் போதும். கோபுரத்துக் குழாய் அந்நேரத்தில் ஊரை எழுப்ப வேண்டியதில்லை. தேர்வு நாட்களில் நவநாள் செபங்களை வெளி ஒலிபெருக்கி இன்றி நடத்துவோம். பக்கத்துத் தெருவில் மரணப்படுக்கையில் ஒருவர் கிடந்தால், அவர் எச்சமயத்தவராயினும், தேர் அங்கே வரும்போது வாத்தியத்தை நிறுத்தி மௌனமாகக் கடந்து செல்வோம். ஆண்டவர் சுழற்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ இல்லாமல் மெல்லிய ஒலியில் வந்தார் என்ற எலியா இறைவாக்கினரின் அனுபவத்தை அத்தெரு மக்கள் அன்று நம்மிடம் காண்பார்கள்.

அதோடு, தேர் போகாத தெரு நம் பங்கில் ஒன்று இருந்தால், அங்கே முதலில் தேரைக் கொண்டு செல்வோம். ஒலியைக் குறைக்கக் காவலர் வந்து சொல்லலாம். வழியைத் திருப்ப வேண்டியவர் நாமே. காவல் நிலையத்தில் கொடுக்கும் அனுமதி மனுவில் தேர் செல்லும் தெருக்களின் பட்டியலை எழுதும் பேனா நம் கையில்தான் இருக்கிறது.